பேசாத இருபத்தெட்டு

மே 6

அன்புத் தம்பிக்கு,

போன் பண்ணினால் ‘அப்புறம் கூப்பிடறேன்க்கா’ என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண உனக்கு வழியில்லை.

எங்கள் மையத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் நீ ‘அந்தக் கண் ஆஸ்பத்திரியா’ என்றுதான் கேட்பாய். ஆஸ்பத்திரி இல்லை. வளர்ந்து ஆளான பிறகு பார்வை போனவர்கள் மறுபடி வேலைக்குப் போவதற்குப் பயிற்சி கொடுக்கிற இடம். நான் அங்கே செயலாளர். இப்போது பதினாறு பேர் படிக்கிறார்கள். கம்ப்யூட்டர் மூன்றே மூன்று.

கமிட்டி ஒதுக்கிய பணத்தில் புதிதாக எட்டு வாங்கலாம். நீயோ, கம்பெனியில் கழித்துக்கட்டுகிற முப்பதைச் சும்மாவே வாங்கித் தருகிறேன் என்கிறாய். எட்டா முப்பதா என்றால் யாரும் முப்பது என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஆசிரியர் மட்டும் எட்டு என்கிறார். அவருக்கும் பார்வை கிடையாது, இருபது வருடமாக இதைத்தான் கற்றுக்கொடுக்கிறார். “எத்தனைன்றது இருக்கட்டும் மேடம். அது பேசுமான்னு முதல்ல கேளுங்க” என்றார்.

எங்கள் ஆட்களுக்குத் திரை ஒரு பொருட்டே இல்லை. எந்த விசையைத் தட்டினாலும், எந்த வரிக்குப் போனாலும், கம்ப்யூட்டர் அதை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது, அதை நாங்களே போட்டுக்கொள்வோம். ஆனால் சத்தம் வராத கம்ப்யூட்டர் எங்களுக்கு வெறும் பெட்டி.

அவசரம் யாருக்கு என்றும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் ஒருத்தி படிக்கிறாள். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவள். விரல் போகிற வேகத்தைப் பார்த்து ‘ஸ்பீடு’ என்று பெயர் வைத்துவிட்டோம், அவளும் அதற்குத்தான் திரும்புகிறாள். இரண்டு வருடத்துக்கு முன் பார்வை போய்விட்டது. ஆகஸ்ட் 18-ஆம் தேதி அவளுடைய ஆபீஸில் ஒரு தேர்வு வைக்கிறார்கள். பேசுகிற கம்ப்யூட்டரில் குறித்த நேரத்துக்குள் அடித்துக் காட்டினால் பழைய வேலை திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கணவர் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். தினமும் நாலு மணி நேரமாவது பழக வேண்டும் என்கிறார் ஆசிரியர்.

ஆகவே என் ராசா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். முப்பதையும் ஒவ்வொன்றாகப் போட்டு, காதில் மாட்டிக் கேட்டுப் பார்த்துச் சொல். கண்ணால் பார்த்துவிட்டு ‘சூப்பர்’ என்று எழுதாதே. உன்னை எனக்குத் தெரியும்.

அம்மா நலம். நீ இளைத்துவிட்டாயா என்று கேட்கச் சொன்னாள்.

அக்கா

மே 14

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கான்டீனில் வைத்துப் படித்தேன். பக்கத்து மேஜைக்காரன் ‘என்னப்பா, கோர்ட் நோட்டீஸா’ என்றான். அதைவிட மோசம், அக்கா கடிதம் என்றேன்.

அம்மாவிடம் நான் இளைக்கவில்லை என்று சொல். பேன்ட் எல்லாம் தையல் விட்டு என்னைப் பிரிய ஆரம்பித்திருக்கின்றன.

முப்பதையும் சோதித்தாகிவிட்டது. ஸ்டோர் ரூமில் வரிசையாக அடுக்கி நானே முன்னால் நின்று போட்டுப் பார்த்தேன். பவர், திரை, கீபோர்டு, டிஸ்க், ஒலி என்று ஐந்து கட்டம் போட்ட படிவம். முப்பது வரிசையிலும் டிக். கீழே என் கையெழுத்து. நகல் இதோடு வைத்திருக்கிறேன், உங்கள் கமிட்டியிடம் காட்டு. வீடியோவும் உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். முப்பது திரையும் ஒரே நேரத்தில் எரிகிறதைப் பாரேன், கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

எட்டை வாங்கி வைத்துக்கொண்டு பதினாறு பேரை ஷிப்டில் உட்காரவைக்கப் போகிறீர்களா? ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும் மிச்சம் இருக்கிற மாதிரி நான் தருகிறேன் என்கிறேன். உன் ஆசிரியர் நல்லவர்தான், ஆனால் பழைய காலத்து மனுஷர். பயப்படுகிறார்.

இன்னொரு சேதி. எங்கள் கம்பெனித் தலைவர், அதுதான் பெரிய சார், தானே நேரில் வந்து ஒப்படைக்கிறேன் என்கிறார். போட்டோக்காரர் கூட வருவார். ஜூன் 20. இந்த யோசனையே என்னுடையது என்று அவருக்குத் தெரியும். ஜூலை கடைசியில் எனக்கு மேனேஜர் இன்டர்வியூ. உனக்கு முப்பது கம்ப்யூட்டர், எனக்கு ஒரு நாற்காலி. கசக்குதா?

தம்பி

மே 27

தம்பிக்கு,

முப்பது என்றே முடிவாகிவிட்டது.

கமிட்டியில் உன் படிவத்தைக் காட்டினேன். ‘என் தம்பியே நேரில் நின்னு ஒண்ணொண்ணா பார்த்திருக்கான்’ என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பெருமையாகத்தான் இருந்தது, என்ன செய்ய. வீடியோவைப் போட்டதும் எல்லோரும் போனைச் சுற்றிக் குவிந்துவிட்டார்கள். ஆசிரியர் மட்டும் அவர் நாற்காலியிலேயே இருந்தார்.

“வீடியோல என்ன கேக்குது?” என்றார்.

“ஃபேன் ஓடுது சார்” என்றார் பொருளாளர்.

“அப்போ பேசினது ஃபேன் மட்டும்தானா?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “ஒண்ணே ஒண்ணை முன்னாடியே அனுப்பச் சொல்லுங்க மேடம். நான் ஒரு மணி நேரம் உக்காந்து பார்த்துட்டுச் சொல்றேன்” என்றார். ‘ஒண்ணுக்காக லாரி அனுப்புவாங்களா சார்’ என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன். நல்லவேளை உன் படிவம் கையில் இருந்தது.

புதியதுக்கு ஒதுக்கிய பணத்தில் கூடத்துக்கு வண்ணம் அடிக்கிறோம். பெரிய சார் வருகிறார் அல்லவா. ஜன்னலுக்குத் திரைச்சீலை. பழைய மூன்று கம்ப்யூட்டரையும் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டோம், இடம் வேண்டுமே.

ஸ்பீடு தினமும் வந்து ‘எப்பக்கா வரும், எப்பக்கா வரும்’ என்று உயிரை எடுக்கிறாள். இருபதாம் தேதி என்று சொல்லியிருக்கிறேன். விரலால் நாள் எண்ணுகிறாள்.

அக்கா

ஜூன் 22

டேய்,

போனில் உன் குரலைக் கேட்டால் என்ன சொல்லித் தொலைப்பேனோ என்று பயந்து எழுதுகிறேன்.

முப்பதில் இரண்டுதான் பேசுகின்றன. இரண்டே இரண்டு.

பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் லாரி வந்தது. மேஜையில் ஏற்றி, வயர் மாட்டி முடிக்கவே இருட்டிவிட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆசிரியர் வந்து ஹெட்போனை மாட்டினார். ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு, அடுத்ததிலிருந்து அதற்கடுத்ததுக்கு. நான் பின்னாலேயே போனேன். பதினைந்தாவதில் அவர் ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “நீங்களும் கேளுங்க மேடம்” என்றார். கேட்டேன். ஒன்றும் இல்லை. திரை பாட்டுக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கிறது.

உனக்குப் போன் பண்ணினேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கே ஞாபகப்படுத்துகிறேன். “கத்தாதக்கா. விழா முடியட்டும். பெரிய சார் கிளம்பிட்டார், இப்ப நிறுத்தினா என் கதை முடிஞ்சுது. அரை மணி நேரம் சமாளி.”

சமாளித்தேன். பதினாறு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். “இன்னைக்கு மட்டும் சத்தம் வராது. கைய கீபோர்டு மேல வச்சு அசைச்சுக்கிட்டு இருங்க, போதும்.” ஸ்பீடு, “எதை டைப் பண்றதுக்கா?” என்று கேட்டாள்.

“எதையாவது பண்ணும்மா.”

ஆசிரியர் எழுந்து வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். விழா முடியும் வரை உள்ளே வரவில்லை. பெரிய சார் வந்தார், நடந்தார், ஸ்பீடு பின்னால் நின்று பாராட்டினார், எல்லோரும் கை தட்டினார்கள். போட்டோக்காரர் ‘இன்னும் கொஞ்சம் வேகமா டைப் பண்ணுங்க’ என்றார். பண்ணினார்கள். சத்தமே வராத பெட்டி முன்னால் உட்கார்ந்து, பதினாறு பேர், காதில் ஹெட்போனோடு, நான் சொன்னேன் என்பதற்காக.

என்ன சோதித்தாய் நீ?

ஜூன் 29

அக்காவுக்கு,

கோபப்படாமல் கேள். நான் சோதித்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. லாரியில் குலுங்கி வந்ததில் ஏதாவது ஆகியிருக்கலாம். ஹெட்போன் சரியில்லையா என்று பார்த்தீர்களா? உங்கள் மென்பொருள் பழையதாக இருக்கலாம். வயரைக் கழற்றி மாட்டச் சொல். எல்லாவற்றுக்கும் என்னையே சொன்னால் எப்படி?

சும்மா கிடைத்ததில் குறை பார்க்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் யாரும் வாங்கிக்கொள்ளச் சொல்லி உன் கழுத்தைப் பிடிக்கவில்லை. கமிட்டியில் பேசி வாங்கியது நீதான்.

ஒரு மாதம் பொறு. ஜூலை 28 இன்டர்வியூ. அது முடிந்ததும் நானே வந்து எல்லாவற்றையும் சரிசெய்து தருகிறேன். அதுவரை எங்கள் ஆபீஸுக்குப் புகார், கடிதம் எதுவும் அனுப்பிவிடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி

ஜூலை 19

தம்பிக்கு,

ஹெட்போன் புதிது. வயர் நூறு தடவை கழற்றி மாட்டியாகிவிட்டது. கம்ப்யூட்டர் மெக்கானிக் ஒருவரை நானே அழைத்து வந்தேன், ரகசியமாக. ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, “இதுல சத்தம் வர்றதுக்கான சவுண்டு கார்டே இல்லையேம்மா, கழட்டி எடுத்திருக்காங்க” என்றார். லாரி குலுங்கினால் திருகைக் கழற்றிக்கொண்டு கார்டு மட்டும் இறங்கி நடந்து போகுமா?

உன் ஆபீஸுக்குக் கடிதம் எழுதி உன் வேலையைக் கெடுக்க மாட்டேன். அதற்கு நீ எனக்கு நன்றி சொல்லாதே. உனக்காக மட்டும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. ‘என் தம்பியே நேரில் நின்னு பார்த்தான்’ என்று சொன்ன வாயால் கமிட்டி முன்னால் எப்படிப் போய் நிற்பது? கூடத்தைப் பார்க்க வேண்டும் என்று கமிட்டித் தலைவர் இரண்டு முறை கேட்டார். பயிற்சி நடக்கிறது, தொந்தரவு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பேசுகிற இரண்டையும் பதினாறு பேர் முறை வைத்துக்கொள்கிறார்கள். ஸ்பீடுக்கு ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் கிடைக்கிறது. சிலர் தங்கள் நேரத்தையும் அவளுக்குக் கொடுக்கிறார்கள், அப்படியும் ஒன்றரை மணிக்கு மேல் வருவதில்லை. மிச்ச நேரம் பேசாத கம்ப்யூட்டர் ஒன்றில் உட்கார்ந்து அடித்துக்கொண்டே இருக்கிறாள். சரியாக அடித்தாளா தப்பாக அடித்தாளா என்று அவளுக்கு யார் சொல்வது? நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டலாம். கொஞ்ச நாளாக அவள் பக்கத்தில் உட்கார என்னால் முடியவில்லை.

ஆசிரியர் என்னிடம் வேலை விஷயம் மட்டும்தான் பேசுகிறார்.

அக்கா

ஜூலை 31

அக்காவுக்கு,

மேனேஜர் ஆகிவிட்டேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லிவிடு.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நான் சத்தத்தைச் சோதிக்கவே இல்லை. பவர் போட்டேன், திரை எரிந்தது, கீபோர்டில் நாலு எழுத்துத் தட்டினேன். ஒலி என்ற கட்டத்துக்கு வந்தபோது ஸ்டோர் ரூமில் ஹெட்போன் இல்லை. மேலே போய் எடுத்து வர வேண்டும், மூன்று மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. மேலிருந்து கீழ் வரை முப்பதுக்கும் டிக் போட்டுவிட்டேன். ‘காதில் மாட்டிக் கேள்’ என்று நீ எழுதிய கடிதம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. இதைவிடக் கேவலம் ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். உண்டு. ஊழியர்கள் பாட்டுக் கேட்கிறார்கள் என்று நாலு வருடத்துக்கு முன் சவுண்டு கார்டுகளைக் கழற்றச் சொன்ன சுற்றறிக்கை எங்கள் பிரிவில் இருந்துதான் போனது. நான்தான் டைப் செய்தேன். மேலாளர் அறைகளில் இருந்த இரண்டை மட்டும் விட்டுவிட்டோம். ஜூன் 20 காலையில் நீ போனில் கத்தினாயே, அந்த நிமிடமே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அது ஞாபகம் வந்த பிறகும்தான் லாரி குலுங்கியது என்று எழுதினேன்.

கட்டைவிரல் அளவில் ஒரு சின்னக் கருவி கிடைக்கிறது. கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் சொருகினால் சத்தம் வரும். அதுவும் எனக்கு அன்றே தெரியும். கடையில் சொல்லி என் கைக்காசிலேயே வாங்கி அனுப்பியிருக்கலாம். ஆனால் அனுப்பினால் நான் சோதிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும், செய்தி எப்படியாவது இங்கே வந்துவிடும் என்று பயம். இன்டர்வியூ முடியட்டும் என்று இருந்துவிட்டேன். இப்போது ஆர்டர் கொடுத்திருக்கிறேன். இந்தப் பழைய மாடலுக்குப் பொருந்துவது இப்போது ஒன்றுகூட இருப்பில் இல்லை, வரவழைக்க மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள்.

கம்பெனிப் பத்திரிகை இதோடு வருகிறது. ஒன்பதாம் பக்கத்தில் உங்கள் விழா. நடுவில் இருக்கிறவர்தான் ஸ்பீடு என்று நினைக்கிறேன். எல்லார் முன்னாலும் திரை எரிகிறது, அவர் முன்னால் மட்டும் இருட்டாக இருக்கிறது. அந்த ஒன்றில் திரையும் கெட்டுப்போயிருந்ததா?

தம்பி

ஆகஸ்ட் 21

தம்பிக்கு,

ஸ்பீடு தேறவில்லை.

நானும் கூடப் போயிருந்தேன். அறைக்கு வெளியே கண்ணாடிக் கதவு, உள்ளே நடப்பது தெரிந்தது. நேரம் முடிந்தபோது பாதிகூட அடித்திருக்கவில்லை. இத்தனைக்கும் விரல் வேகம் குறையவில்லை. ஒரு வார்த்தை அடிக்கிறாள், நிறுத்துகிறாள், திரும்பப் போய்க் கேட்கிறாள். மறுபடியும் கேட்கிறாள். அப்புறம்தான் அடுத்த வார்த்தை. திரும்பி வந்து சொன்னபோது, இவள் இப்படிச் செய்கிறவளே இல்லை என்றார் ஆசிரியர். அக்டோபரில் ஒரே ஒரு வாய்ப்பு மீதி இருக்கிறது. அதோடு சரி.

பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலாம். ‘பொண்ணுங்ககிட்ட என்னன்னு சொல்றதுக்கா’ என்று மட்டும் கேட்டாள்.

உன் கடிதத்தைப் படித்ததும் உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். நீயாவது கடைசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். நான் நீ கேட்ட பிறகும் மூன்று வாரம் பதில் போடவில்லை.

அந்தத் திரை கெட்டுப்போகவில்லை. நான் அணைத்தேன்.

பெரிய சார் ஸ்பீடு பின்னால் வந்து நின்றார். ‘என்னம்மா டைப் பண்றீங்க’ என்றார். “படிச்சுப் பாருங்க சார். உங்களுக்குத்தான் அடிச்சிருக்கேன்” என்றாள் அவள். அவர் சட்டைப் பையில் கண்ணாடியைத் துழாவினார். அதற்குள் நான் எட்டிப் படித்துவிட்டேன்.

‘ஐயா, இந்தக் கம்ப்யூட்டர்கள் பேசவில்லை. நாங்கள் இப்போது நடித்துக்கொண்டிருக்கிறோம். ஆகஸ்டில் எனக்குத் தேர்வு இருக்கிறது. தயவுசெய்து இவற்றைப் பேசவைத்துக் கொடுங்கள்.’

அவ்வளவுதான். என் கை தானாகப் போய்த் திரையின் பொத்தானை அமுக்கியது. தானாக என்று எழுதுகிறேன் பார், இன்னும் புத்தி வரவில்லை. நான்தான் அமுக்கினேன். உன் வேலை போய்விடும் என்று ஒரு நொடி, என் மானம் போய்விடும் என்று ஒரு நொடி, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். இருட்டு. பார்வை இல்லாதவர்களுக்குத் திரை எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்றும் கேட்கவில்லை. படித்த மாதிரியே தலையை ஆட்டி, “ரொம்ப நல்லா இருக்கும்மா” என்று அவள் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார். நாங்கள் கை தட்டினோம்.

அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவர் படித்துவிட்டுத்தான் ‘நல்லா இருக்கும்மா’ என்றார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மா அந்த ஒன்பதாம் பக்கத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள். வருகிறவர்களிடம் எல்லாம் ‘பையன் கொடுத்தான், பொண்ணு வாங்கினா’ என்று காட்டுகிறாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் ஸ்பீடின் முகம். அதைப் பிய்த்துப் போட எனக்கு ஒரு காரணம் சொல்லத் தெரியவில்லை.

அக்கா

ஆகஸ்ட் 28

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் பெரிய சார் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சோதிக்காமல் டிக் போட்டது, கார்டு இல்லாதது தெரிந்தும் மறைத்தது, ஒருத்தருக்குத் தேர்வு போனது. பதவியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தயாராகத்தான் போனேன். நீ திரையை அணைத்ததை மட்டும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது, அவரிடம் இல்லை.

அவர் சிரித்தார் அக்கா. “இதுக்கா இவ்வளவு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தீங்க? பழசுன்னா அப்படித்தான் இருக்கும். போட்டோ நல்லா வந்திருக்கு, விடுங்க” என்றார். டீ சொன்னார். நான் உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தேன். திட்டியிருந்தால் எழுந்து நடந்திருப்பேன். அந்த டீ இன்னும் தொண்டையில் நிற்கிறது.

இங்கே என்னைத் தண்டிக்க யாரும் இல்லை. அதனால் உங்கள் கமிட்டித் தலைவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி, என் படிவம் பொய் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இந்நேரம் கிடைத்திருக்கும். உன்னைக் கேட்காமல் செய்ததற்கு மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் மறுபடியும் இரண்டு பேரும் பேசிப் பேசித் தள்ளிப்போட்டிருப்போம்.

கருவிகள் வந்துவிட்டன. பார்சல் வேண்டாம், நானே எடுத்து வருகிறேன். பத்து நாள் லீவு போட்டிருக்கிறேன், எட்டாம் தேதி காலை வண்டி. ஒவ்வொன்றாகச் சொருகி, காதில் மாட்டிக் கேட்ட பிறகுதான் எழுந்திருப்பேன். ஸ்பீடு என்கிறாயே, அந்த அம்மாவிடம் நீ எப்போது சொல்லப் போகிறாய்?

தம்பி

செப்டம்பர் 6

தம்பிக்கு,

இது உனக்குக் கிளம்புவதற்குள் கிடைக்குமோ என்னவோ. கூரியரில் போடுகிறேன்.

தலைவர் உன் கடிதத்தோடு வந்தார். கூடத்தைத் திறந்து காட்டினேன். அவர் ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துவிட்டு, “சுவர் மட்டும் நல்லா இருக்கு” என்றார். ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர், “இதை அக்டோபருக்கு அப்புறம் கொடுக்கச் சொல்லுங்க. இப்பப் போனா வேலையை யார் பாக்கறது” என்றார். எனக்காகச் சொல்லவில்லை, வேலைக்காகச் சொன்னார். அதுவே எனக்கு அதிகம்.

நேற்று ஸ்பீடிடம் சொன்னேன்.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு, அவள் பேசாத கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மென்று முழுங்கி, கடைசியில் போட்டு உடைத்துவிட்டேன். அந்தப் பெரியவர் நீ அடித்ததைப் படிக்கவே இல்லை, நான் திரையை அணைத்துவிட்டேன் என்றேன். அவள் விரல் அப்படியே நின்றது.

“அவர் படிக்கலயா?”

“இல்லம்மா. நான்தான் படிச்சேன்.”

“முழுசாவா?”

“முழுசா.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

“அதுல எத்தனை தப்பு இருந்துச்சு?”

எனக்கு முதலில் புரியவில்லை. “என்னம்மா?”

“எழுத்துத் தப்பு. எத்தனை?”

“ஒண்ணும் இல்ல. ஒரு எழுத்துகூடத் தப்பில்ல” என்றேன்.

விரலை விசைகள் மேல் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். “அவ்வளவு பெரிய விஷயத்தை அடிச்சிருக்கேன், படிச்சுட்டு நல்லா இருக்கும்மான்னுட்டுப் போறார். அப்போ நான் என்னத்தையோ தாறுமாறா அடிச்சிருக்கேன், அவருக்கு ஒரு வார்த்தையும் புரியல, பாவம்னு தட்டிக் கொடுத்துட்டுப் போறார்னு நினைச்சேன். அன்னையிலேருந்து என் விரலை நான் நம்பல. டெஸ்ட்டுல ஒவ்வொரு வார்த்தையையும் திரும்பத் திரும்பக் கேட்டேன்.”

தம்பி, அவள் தோற்றது பழகாததால் மட்டும் இல்லை. உன் டிக்கினால் மட்டும் இல்லை.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “அதெல்லாம் இப்ப வேணாம்” என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து ஒரு பத்தி அடித்தாள். எங்கும் நிற்கவில்லை. அடித்து முடித்துவிட்டு, “படிங்க” என்றாள். படித்தேன். ஒரு இடத்தில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது, சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த பத்தி. மூன்று மணி நேரம் அடித்தாள், மூன்று மணி நேரம் நான் படித்தேன். தொண்டை கட்டிவிட்டது. கிளம்பும்போது மடக்குத் தடியை விரித்துக்கொண்டு, “நாளைக்குக் காலையில ஏழு மணிக்குக் கதவைத் திறந்து வச்சிருங்க மேடம்” என்றாள்.

சேர்ந்த நாளிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று ஆறே முக்காலுக்கே திறந்து வைத்துவிட்டேன். ஏழுக்கு வந்தாள். மேடம் என்றாள், உட்கார்ந்தாள், அடித்தாள். நான் படித்தேன்.

நீ வந்து கருவிகளைச் சொருகிவிட்டால் அப்புறம் கம்ப்யூட்டரே அவளுக்குப் படித்துச் சொல்லிவிடும். நான் பக்கத்தில் உட்கார வேண்டிய வேலை இருக்காது. இருந்தாலும் சீக்கிரம் வந்து சேர்.

அக்கா